பலெர்மோவில் பிறந்த ஓர் அண்ணாவியார்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்த பின் ஒரு தாய் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சுவாமி, மகள் பலே பழகப்போறன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள். தேப்பனுக்குத் துண்டாய் விருப்பமில்லை. கால் தெரிய ஆடுற ஆட்டம் எங்கட பிள்ளையளுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கிறார். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்றார். நான் உடனே விடை கூறவில்லை. மறைக்காமல் சொல்வதானால், என் மனமும் அந்தத் தகப்பனின் பக்கமே சாய்ந்திருந்தது. குருமடத்தில் எங்களுக்கு இலத்தீன் இலக்கணமும் மெய்யியலும் கற்பித்தார்கள். ஆடலைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அறியாத ஒன்றைக் குறித்துத் தீர்ப்புக் கூறுவது முறையன்று என்று எண்ணிச் சில நாள்கள் வாசித்தேன். வாசித்தபோதுதான், நாம் வாழும் இந்நகரிலேயே பிறந்த சல்வதோரே தால்யோனி என்னும் ஆடலாசிரியரைப் பற்றி அறிந்தேன்.

அவர் பிறந்தது 1789இல். நீங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் மாசிமோ நாடக அரங்கு அன்று இல்லை. அது 1897இல்தான் திறக்கப்பட்டது. அவருடைய தந்தை கார்லோவும் ஆடற்கலைஞரே. அக்காலத்து ஆடற்குடும்பங்களுக்கு நிலையான ஊர் என்று ஒன்று இருந்ததில்லை. எந்த நகரின் அரங்கு அழைத்ததோ அந்த நகருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தார்கள். அங்கே பிள்ளைகள் பிறந்தன. அண்ணன் பிலிப்போ பிறந்தது 1777இல் மிலானோவில். தம்பி சல்வதோரே பலெர்மோவில். பிலிப்போவின் மகள் மரி 1804இல் சுவீடனின் ஸ்டொக்கோல்மில். மகன் பவுல் 1808இல் வியன்னாவில். மரி இறந்ததோ பிரான்சின் மார்செய் நகரில், பவுல் பெர்லினில். திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோரின் ஊர் யாழ்ப்பாணம், பிள்ளை பிறந்த ஊர் பலெர்மோ என்று எழுதிப் பழகிய எனக்கு, இந்தக் குடும்பத்தின் பட்டியலைப் பார்த்ததும் நம்முடைய வீடுகளே நினைவுக்கு வந்தன. இங்கே பிறந்து இன்று இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்!

சல்வதோரே பாரிசில் பயின்று, பின் நாப்போலியின் சான் கார்லோ அரங்கில் ஆடற்கலைஞரானார். அரசியல் குழம்பியிருந்த காலம் அது. நெப்போலியனின் மைத்துனர் முரா நாப்போலியை ஆண்டுகொண்டிருந்தார். துரத்தப்பட்ட பூர்போன் மன்னரோ ஆங்கிலேயரின் காவலில் சிசிலியாவில் இருந்தார். பிறந்த ஊர் ஒரு கொடியின் கீழ், உழைக்கும் ஊர் எதிரியின் கொடியின் கீழ். இதன் பொருளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நிலையில்தான், 1812இல், அவரும் லூயி ஆன்றி என்னும் பிரெஞ்சு ஆசிரியரும் சேர்ந்து சான் கார்லோவின் ஆடற்பள்ளியைத் தொடங்கினார்கள். சல்வதோரேக்கு அப்போது இருபத்து மூன்று வயதுதான். மிலானோவின் புகழ்பெற்ற ஸ்காலா பள்ளியே இதற்கு ஓராண்டு பிந்தியது. முரா வீழ்ந்தார், பூர்போன்கள் திரும்பினார்கள். 1816இல் அரங்கு தீக்கிரையானது, மறு ஆண்டு சனவரியில் புதிதாய்த் திறக்கப்பட்டது. பள்ளி மட்டும் நின்றது. இருநூறு ஆண்டுகள் கடந்து இன்றும் நிற்கிறது.

ஆடலாசிரியரின் வேலை என்ன? வன்னியிலும் மன்னாரிலும் கரையோரப் பங்குகளிலும் வளர்ந்தவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: அண்ணாவியார். என்றீக்கு எம்பரதோர் நாடகத்தைப் பழக்கும் அண்ணாவியார் கதையைத் தெரிந்து, ஆட்களைத் தெரிந்தெடுத்து, ஆட்டத்தையும் தாளத்தையும் மாதக்கணக்கில் ஊட்டி, மேடையேற்றும் இரவில் மட்டும் ஓரமாய் நிற்பவர் அல்லவா? சல்வதோரே செய்ததும் அதுவே. கதையை வகுப்பார், அடவுகளை அமைப்பார், தலைமை ஆட்டக்காரி முதல் கூட்டத்தில் நிற்கும் சிறுமி வரை பழக்குவார். அவர் இயற்றிய ஆடல்கள் இருநூறுக்கும் மேல். மன்சோனியின் பெருநாவலான 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' கதையை 1836இல் ஆடலாக்கினார். போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்த கதையையும் ஆடலாக்கினார். தமிழ் வணிகர் நிறைந்திருந்த நம் கீழைக்கடல் துறைமுகம் நாப்போலி மேடையில் எந்தக் கோலத்தில் நின்றதோ! உள்ளூர்ச் சிப்பாய்களுக்கு வெள்ளிப் பூச்சுத் தலைப்பாகை கட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த இருநூறில் ஒன்றும் இன்று ஆடப்படுவதில்லை. கதைச் சுருக்கம் அச்சிட்ட சிறுநூல்கள் நூலகங்களில் உள்ளன, அடவுகள் இல்லை. அவை மாணவரின் உடலில் எழுதப்பட்டவை. அந்த உடல்களோடு கல்லறைக்குப் போய்விட்டன. நம் அண்ணாவிமார்களிலும், கொப்பியில் பாட்டு இருந்தும் ஆட்டத்தை அறிந்தவர் இடம்பெயர்ந்து இறந்துபோனதால், கொப்பி மட்டும் எஞ்சிய ஊர்கள் உண்டு.

புகழ் அண்ணன் வீட்டுக்குச் சென்றது. பிலிப்போ தம் மகள் மரியை நாள் ஒன்றுக்கு ஆறு மணிநேரம் பழக்கினார். 1832இல் பாரிசில் 'சில்ஃபீட்' என்னும் ஆடலில் அவள் கால்விரல் நுனியில் மிதந்தபோது பலேயின் போக்கே மாறியது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் அரங்கேறிய 'ரொபேர் லே தியாபிள்' என்னும் இசை நாடகம் நம்மை நேரே தொடுகிறது. கதை நடக்குமிடம் பலெர்மோ. அதன் மூன்றாம் அங்கத்தில், பாழடைந்த மடம் ஒன்றின் கல்லறைகளிலிருந்து, வாக்குறுதி மீறிய கன்னியர்களின் ஆவிகள் எழுந்து ஆடுகின்றன. அந்த மடத்துக்குக் கதாசிரியர் இட்ட பெயர் புனித றொசாலியா மடம்! நீங்கள் வெறுங்காலோடு பெல்லெகிறினோ மலையேறிச் சென்று மெழுகுதிரி ஏற்றும் அதே றொசாலியா. நம் சைவ உறவுகளும் தாயே என்று கும்பிடும் அதே றொசாலியா. குகையில் தவமிருந்தவரின் பெயரைப் பேய்க்கன்னியர் ஆட்டத்துக்குச் சூட்டியது எனக்கு உவப்பில்லை. ஆட்டத்தை அமைத்தவர் பிலிப்போ. மடத்தலைவியாய் ஆடியவள் மரி. சில இரவுகளுக்குப் பின் அவள் அந்த வேடத்தை விட்டுவிட்டாள்.

அதே பாரிசுக்கு 1838இல் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் ஆடற்குழு வந்தது. கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரம் கோயிலைச் சார்ந்தவர்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் மரி இந்தியத் தாசி வேடம் புனைந்து ஆடியதைக் கண்டிருந்த பாரிஸ் மக்கள், இப்போது உண்மையான தாசி ஆட்டத்தைக் கண்டார்கள். அம்மணி என்ற பெண்ணுக்குச் சிற்பி பார் வெண்கலச் சிலை வடித்தார். மரிக்கும் சிலை வடித்தவர் அவரே. அம்மணிக்குப் பின்னால் நின்று தாளம் தட்டிய முதிய இராமலிங்கத்துக்குச் சிலை இல்லை. சல்வதோரேயின் பெயரும், கலை வரலாற்று அகராதிகளுக்கு வெளியே, மரியின் சிற்றப்பன் என்ற அளவிலேயே நிற்கிறது.

ஆட்டக்காரரை இகழ்ந்ததில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. பிரான்சில் நடிகர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கமே மறுக்கப்பட்ட காலம் இருந்தது. மொலியேரை 1673இல் இரவில்தான் புதைக்க முடிந்தது. நாப்போலி அரசவையோ, ஆட்டக்காரிகளின் காலுறை ஆண்களை மயக்காத பச்சை நிறத்தில் இருக்க வேண்டுமென்று ஆணையிட்டதாகக் கதை உண்டு. அதே நாப்போலியில் சல்வதோரே ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிள்ளைகளைப் பழக்கி, 1868இல் அங்கேயே இறந்தார்.

தகப்பனோடு பேசிவிட்டேன். நீண்ட நேரம் பேசினோம்; அவருடைய சிறிய தந்தை ஊரில் பெயர்பெற்ற அண்ணாவியார் என்பது அப்போதுதான் வெளிவந்தது. பலே வகுப்பு செவ்வாய் மாலை. ஆகவே அடுத்த மாதம் முதல் அந்த வயதுப் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடைபெறும். ஏனைய பெற்றோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை