பாறை வகையும் நிலத்தடித் தகைவின் திசையும்

எண்ணெய்த் தேக்கத்துப் பாறை மூன்று பக்கமும் நெருக்குண்டு கிடக்கிறது. மேலிருந்து அழுத்துவது அதன் மீதுள்ள பாறைகளின் எடை. மற்ற இரண்டும் பக்கவாட்டில் நெருக்கும் தகைவுகள்; அவற்றில் பெரியது பெருந்தகைவு, சிறியது குறுந்தகைவு. இம்மூன்றும் பொதுவாகச் சமமாக இருப்பதில்லை. கிணற்றுச் சுவர் எப்பக்கம் உதிரும், விரிசல் எப்பக்கம் ஓடும் என்பதெல்லாம் அந்த ஏற்றத்தாழ்வைப் பொறுத்தவை.

தொடக்கம்: திரவ அழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முதல் சோதனை 1947இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஹியூகோட்டன் எரிவாயு வயலில் நடந்தது. விரிசல் பாறை அடுக்குகளை ஒட்டிக் கிடையாகவே பரவும் என்று அன்று பலர் கருதினர். 1957இல் ஆய்வாளர்கள் கிங் ஹப்பர்ட்டும் டேவிட் வில்லிசும் ஜெலட்டினுக்குள் பாரிஸ் சாந்துக் கரைசலைச் செலுத்தி, மிகக் குறைந்த தகைவுக்குச் செங்குத்தாகவே விரிசல் திறக்கும் என்று காட்டினர்.

ஒரே திசை: 1979இல் பெல், காஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய்க் கிணறுகளை ஆராய்ந்தனர். சுவர்கள் வடமேற்கு–தென்கிழக்காக உதிர்ந்திருந்தன. சுவர் உதிர்வது குறுந்தகைவின் திசையில்; ஆகவே பெருந்தகைவு அதற்குக் குறுக்கே, வடகிழக்கு–தென்மேற்காக இருந்தது. ஒரு படுகை முழுவதற்கும் ஒரே திசை என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

பாறையின் பங்கு: 1980களில் கொலராடோவின் ரைஃபிள் நகருக்கு அருகே நடந்த பல்கிணற்றுச் சோதனையில், மணற்கல்லை விட அதை அடுத்திருந்த களிப்பாறையில் குறுந்தகைவு கூடுதலாக இருந்தது. களிப்பாறை மெல்ல இளகித் தகைவுகளைச் சமன்செய்வது இதற்கு ஒரு காரணம். பக்கவாட்டுத் தகைவுகள் இரண்டும் அளவில் நெருங்கிவிட்டால், சிறு பிளவும் அவற்றின் திசையைத் திருப்பிவிடும். மென்பாறையின் எல்லையை நெருங்கும் பெருந்தகைவு அந்த எல்லைக்கு இணையாக வளையும். கடினப் பாறையின் எல்லையையோ குறுக்காகச் சந்திக்கும்.

வடகடலின் எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் தங்கியிருப்பது மென்மையான சுண்ணப்பாறைக் குவிமாடத்தில். அங்கே பெருந்தகைவின் திசை ஒன்றாக இல்லை. உச்சியிலிருந்து ஆரங்களாகப் பிரிகிறது.

எல்லாவற்றிலும் விந்தையானது உப்பு. நீண்ட காலப்போக்கில் அது பாகுபோல் நகர்வதால், அதனுள் மூன்று தகைவுகளும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. இதனால் உப்புக்கு மேலடுக்கின் தகைவும் கீழடுக்கின் தகைவும் தொடர்பற்றுப் போகின்றன. நைல் கழிமுகத்துக் கடற்பகுதியில் உப்புப் படிவுக்கு மேலே ஒரு திசையும் கீழே வேறொரு திசையும் இருப்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

பயன்: விரிசல்கள் குறுக்காக வெட்டிச் செல்லும்படி, கிடைக் கிணறுகள் பெரும்பாலும் குறுந்தகைவின் திசையில் துளைக்கப்படுகின்றன. அதனால் படுகையின் பொதுத்திசை மட்டும் போதாது. துளைக்கப்படும் அடுக்கின் திசையும் தெரிந்திருக்க வேண்டும்.