கோவாவின் பந்து யாருடையது?

கோரிமேடு எல்லையூர். திண்டிவனம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். 'கோரி' என்றால் சமாதி என்று அர்த்தம் சொல்லுகிறார்கள். சமாதி மேட்டில் குடியிருப்பவனுக்குப் பழங்கதையில் ருசி ஏற்படுவது இயற்கைதானே? அதிலும் எல்லையில் வசிப்பவனுக்கு மற்ற எல்லைகளின் கதை என்றால் தனி ஆசை. அப்படித்தான் எனக்குக் கோவாவின் மேல் ஆசை வந்தது.

புதுச்சேரியும் கோவாவும் ஒரே மாதிரிப் பிள்ளைகள். சுற்றிலும் இந்தியா, நடுவில் அந்நியக் கொடி. ஆனால் 1947க்குப் பிறகு இரண்டின் தலையெழுத்தும் வேறு வேறாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதியன்று ஆட்சி கைமாறிவிட்டது. கோவாவுக்கோ அதற்கு மேலும் ஏழு வருஷம் பிடித்தது. காரணம் சிக்கலானதல்ல. பிரான்சில் குடியரசு இருந்தது. போர்த்துக்கலில் சலாசார் இருந்தார்.

அந்தோனியோ சலாசார் பட்டாளத்துக்காரர் அல்ல, பொருளாதாரப் பேராசிரியர். 1926ல் ராணுவப் புரட்சி நடந்தது. 1928ல் நிதி மந்திரியாக வந்தார். 1932ல் பிரதம மந்திரியானார். 1968ல் நோயில் விழும்வரை அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. முசோலினியைப்போல மார்பைத் தட்டிக்கொண்டு மாடியில் நின்று முழங்குகிற ரகமல்ல. சத்தம் போடாத சர்வாதிகாரி. பத்திரிகைக்குத் தணிக்கை, பேச்சுக்கு ரகசியப் போலீஸ், எதிர்ப்புக்குச் சிறை. கோவாவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக்கூட சர்க்கார் அனுமதி வேண்டும் என்று அந்தக் காலத்து ஜனங்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார்கள்.

நாலு பேர் கூடினால் சந்தேகப்படுகிற ஆட்சி அது. அந்த ஆட்சியில் ஆயிரக்கணக்கானவர்கள் தாராளமாகக் கூடிக் கத்துவதற்கு ஓர் இடம் இருந்தது: கால்பந்து மைதானம். அது எப்படி, ஏன் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

கோவாவுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1883ல் வில்லியம் லயன்ஸ் என்ற பிரிட்டிஷ் பாதிரியார் உடம்பு தேறுவதற்காகக் கோவாவின் வடக்கே சியோலிம் கிராமத்துக்கு வந்தார். தமக்குத் தெரிந்த ஆட்டத்தை அங்கிருந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அர்ப்போராவில் அவர் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆட்டம் பாடத்தோடு பாடமாயிற்று. லிஸ்பனின் புகழ்பெற்ற பென்ஃபிகா கிளப் பிறந்ததே 1904ல்தான். அதற்கு 21 வருஷம் முன்னாலேயே கோவாப் பையன் பந்தை உதைக்கத் தொடங்கிவிட்டான்!

பள்ளிக்கூடத்தில் கற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். சிலர் பாதிரியார்களாகவும் ஆனார்கள். கோயிலுக்கு ஒரு திருவிழா, திருவிழாவுக்கு ஒரு பந்தயம் என்று வழக்கம் பரவிற்று. அறுவடையான வயல்தான் மைதானம். வெறுங்கால்தான் பூட்ஸ். நம் பக்கத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூத்து வைப்பதுபோல அவர்கள் ஆட்டம் வைத்தார்கள். மேல்ஊருக்கும் கீழ்ஊருக்கும் இருந்த பழைய பகையெல்லாம் பந்தின் வழியாகத் தீர்ந்தது. சில சமயம் பந்தின் வழியாகவே வளர்ந்தது.

பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குப் போன கோவாக்காரர்கள் அங்கேயும் கிராமத்துக்கொரு விடுதி வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பந்தும் கூடவே போயிற்று. 1956ஆம் வருஷம் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவின் சார்பில் மூன்று கோல் போட்டாரே, நெவில் டி'சூசா, அவர் கோவா வம்சத்தவர், பம்பாயில் ஆடியவர். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவர்தான். அவருடைய பூர்வீக மண்ணில் அன்றைக்குப் பறந்தது போர்த்துக்கீசியக் கொடி என்பதை எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது.

இந்த ஆட்டத்தின்மேல் லிஸ்பன் சர்க்காரின் கண் வெகு காலம் விழவில்லை. பையன்கள் வயலில் பந்து உதைத்தால் ராஜாங்கத்துக்கு என்ன? ஆனால் 1946 ஜூன் 18ஆம் தேதி மடகாமில் ராம் மனோகர் லோகியா தடையை மீறிக் கூட்டம் போட்டார். அடுத்த வருஷம் இந்தியா சுதந்திரம் அடைந்தது. கோவா எங்களுடையது என்று டில்லி சொல்லிற்று. கோவா காலனியே அல்ல, அது போர்த்துக்கலின் ஓர் அங்கம் என்று லிஸ்பன் சொல்லிற்று. 1951ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, காலனி என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, 'கடல் கடந்த மாகாணம்' என்று எழுதிக்கொண்டார் சலாசார். பெயரை மாற்றினால் பேயும் பிள்ளையாகிவிடும் என்ற நம்பிக்கை!

கோவாவில் சர்க்கார் அங்கீகாரத்தோடு கால்பந்து லீக் தொடங்கியதும் அதே 1951ல்தான். போர்த்துக்கீசிய இந்தியாவின் விளையாட்டுக் கவுன்சில் அதை நடத்திற்று. நாளும் இடமும் குறித்து, புள்ளி கணக்கிட்டு, வருஷா வருஷம் சாம்பியனைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய்நாட்டில் எப்படியோ அப்படியே இங்கேயும் என்று காட்ட வேண்டுமல்லவா? 1959 டிசம்பர் 22ஆம் தேதி கோவாக் கால்பந்துச் சங்கமும் உருவாயிற்று.

சர்வாதிகாரிகள் ஆட்டத்தைக் கையில் எடுப்பது புதிதல்ல. 1933ல் ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியின் கால்பந்தை 16 வட்டார லீக்குகளாகப் பிரித்தார்கள். யூத ஆட்டக்காரர்களை விரட்டினார்கள். 1938ல் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அதன் லீக்கையும் சேர்த்து விழுங்கினார்கள். 1940ல் பிரான்சின் அல்சாஸ் பிரதேசத்தைப் பிடித்ததும் ஸ்திராஸ்பூர் கிளப்புக்கு ஜெர்மன் பெயர் வைத்து ஜெர்மன் லீக்கில் ஆடச் சொன்னார்கள். பிராங்கோவின் ஸ்பெயினில் பார்சிலோனா கிளப்பின் பெயரைக்கூட ஸ்பானிய மொழிக்கு மாற்றினார்கள். பெத்தேனின் விஷி ஆட்சி 1941ல் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியைத் தடை செய்து, அதன் சொத்தையும் பறிமுதல் செய்தது. 1940 செப்டம்பரில் கவர்னர் போன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்ததால் புதுச்சேரி அந்த விஷியின் பிடியில் சிக்காமல் தப்பிற்று. சர்வாதிகாரம் எங்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போயிற்று என்றே சொல்ல வேண்டும்.

சலாசார் ஹிட்லரைப்போல வெட்டிப் பிரிக்கவில்லை, தடவிக் கொடுத்தார். ஆனால் நோக்கம் ஒன்றுதான். ஜனங்களுடைய சொத்தைத் தம்முடையதாகக் காட்டிக்கொள்ள வேண்டும்.

1955 வந்தது. ஆகஸ்டு 15ஆம் தேதி இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த சத்தியாக்கிரகிகள் ஆயுதமின்றி எல்லையைக் கடந்தார்கள். போர்த்துக்கீசியர் சுட்டார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்து விழுந்தார்கள். இந்தியா எல்லையை மூடிற்று, ரயில் நின்றது, சரக்கு நின்றது. எல்லை ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கு அது என்ன என்று தெரியும். அந்தப் பக்கம் அக்காள், இந்தப் பக்கம் தங்கை, நடுவில் துப்பாக்கி. கோவாவில் ஹாலந்து உருளைக்கிழங்கு விற்றார்களாம். பக்கத்திலிருக்கும் பெல்காமிலிருந்து காய்கறி வரக் கூடாது. ஐரோப்பாவிலிருந்து கிழங்கு வரலாம்!

கால்பந்திலும் அதே கூத்துதான். பெல்காம் அணியோ பம்பாய் அணியோ வருவதற்கு வழியில்லை. ஆனால் 1955ல் ஆப்பிரிக்காவின் லோரன்சோ மார்க்கிஸ் நகரிலிருந்து பெரோவியாரியோ அணி வந்தது. 1959ல் கராச்சித் துறைமுக அணி வந்தது. 1960ல் சாட்சாத் பென்ஃபிகாவே லிஸ்பனிலிருந்து வந்து இறங்கிற்று. மறுவருஷமே ஐரோப்பியச் சாம்பியனாகப் போகிற அணி அது. அயல்வீட்டுக்காரன் வர முடியாத வீட்டுக்கு ஏழு கடல் தாண்டி விருந்தாளி வந்தான். கோவாவின் ரசிகன் அன்றைக்கு எவ்வளவு பூரித்திருப்பான் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அகுவாடா கோட்டைச் சிறையில் கிடந்தவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் புதுச்சேரி விடுதலை இயக்கத்தில் அடிபட்டவர். கோவாக் கதையை அவரிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"தம்பி, ஒரு பக்கம் பிணம் விழுகிறது, இன்னொரு பக்கம் கோல் விழுகிறது. கை தட்டினவனை நான் மன்னிக்க மாட்டேன்" என்றார்.

"ஐயா, கை தட்டினவன் சலாசாருக்காகவா தட்டினான்? தன் ஊர்ப் பையன் கோல் போட்டதற்காகத் தட்டினான்" என்றேன்.

"அவன் யாருக்காகத் தட்டினால் என்ன? படம் பிடித்து லிஸ்பன் பத்திரிகையில் போட்டால், ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தமாகும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. கொடுங்கோலனுக்கு ஜனங்களின் அன்புகூட வேண்டாம். சந்தோஷமாக இருப்பதுபோல ஒரு தோற்றம் இருந்தாலே போதும். மைதானம் அந்தத் தோற்றத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. மோகன் ரானடே என்ற போராளி 1955ல் பிடிபட்டவர். போர்த்துக்கலுக்கே கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார்கள். கோவா விடுதலையான பிறகும் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. 1968ல் ரோமாபுரிக்குச் சென்ற அண்ணாதுரை, போப்பாண்டவரிடம் தமக்காக ஒன்றும் கேட்காமல், ரானடேயின் விடுதலையைக் கேட்டார். 1969 ஜனவரியில் ரானடே வெளியே வந்தார். நன்றி சொல்வதற்குள் அண்ணா மறைந்துவிட்டார். இப்படிப்பட்ட மனிதர்களின் கணக்கையும் மைதானத்தின் கணக்கையும் ஒரே ஏட்டில்தான் எழுத வேண்டும்.

ஆனால் ஆசிரியர் ஐயாவோடு நான் முழுவதும் ஒத்துப்போகாததற்கும் காரணம் உண்டு. அடிமைப்பட்ட ஜனங்கள் விடுதலை வரும்வரை சிரிக்கவே கூடாது என்றால், அவர்களுடைய சிரிப்பையும் சேர்த்து ஆட்சியாளனுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறோம். சலாசார் 1951ல் லீக் தொடங்கினார் என்பதும் பாதி உண்மைதான். அவர் தொடங்கியது புள்ளிக்கணக்கை. ஆட்டம் அதற்கு 68 வருஷம் முன்னாலேயே சியோலிம் பையன்களின் காலில் இருந்தது. நாற்றங்காலும் நடவும் ஊராருடையது; அறுக்கிற நாளில் ஜமீன்தார் வந்து நின்ற கதை.

பணமும் உள்ளூரிலிருந்துதான் வந்தது. எல்லை மூடியிருந்த காலத்தில் கோவாவின் இரும்புத் தாது ஜப்பானுக்குக் கப்பல் கப்பலாய்ப் போயிற்று. சுரங்கக்காரர்கள் செழித்தார்கள், கிளப் வைத்தார்கள். சால்காவ்கர் கிளப் 1956ல் அப்படிப் பிறந்ததுதான். தெம்போ பின்னால் வந்தது. பையன்களுக்கு வேலையும் கிடைத்தது, பூட்ஸும் கிடைத்தது.

யாருடைய பந்து என்ற வழக்கில் தீர்ப்பு 1961 டிசம்பரில் வந்தது. இந்தியப் படை நுழைந்தது. கடைசிச் சிப்பாய் வரை சண்டையிட்டு மடிய வேண்டும் என்று லிஸ்பனிலிருந்து கட்டளை. கவர்னர் வஸ்ஸாலோ ஏ சில்வா அந்தக் கட்டளையை மீறி டிசம்பர் 19ஆம் தேதி சரணடைந்தார். அவர் புண்ணியத்தில் பல உயிர்கள் பிழைத்தன. அவரைப் பிறகு சலாசார் பட்டாளத்திலிருந்தே நீக்கினார். கொடி இறங்கிற்று, ரகசியப் போலீஸ் கப்பலேறிற்று. லீக் மட்டும் கப்பலேறவில்லை. சங்கத்தின் போர்த்துக்கீசியப் பெயரை மாற்றிக்கொண்டார்கள், இந்தியச் சம்மேளனத்தில் சேர்ந்தார்கள், ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். சலாசார் கொடுத்த வரமாக இருந்திருந்தால் அவரோடு அது போயிருக்க வேண்டாமா?

பின்னால் நடந்தது ஊரறிந்தது. 1983-84ஆம் வருஷச் சந்தோஷ் கோப்பையை நம் சென்னையில்தான் கோவா வென்றது. 1998-99ல் தேசிய லீக்கை சால்காவ்கர் வென்றது. தெம்போ 2005க்கும் 2012க்கும் நடுவில் ஐந்து முறை இந்தியாவின் சாம்பியனாயிற்று. சுவரை எழுப்பிக் கோவாவை இந்தியாவிலிருந்து பிரித்துக் காட்ட வளர்த்த ஆட்டம், கடைசியில் இந்தியாவின் ஆட்டத்துக்கே தலைமை தாங்கிற்று.

கேள்வி கோவாவோடு முடிந்துவிடவில்லை. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கிற ஆட்சியாளர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். ஆட்டத்தை ரசிப்பதில் தவறில்லை. படத்தின் ஓரத்தில் நிற்பவரைப் பார்த்து, ஐயா, இந்தப் பந்தை முதலில் வாங்கியது யார், இன்றைக்கு மைதானத்துக்கு வர முடியாமல் அடைபட்டிருப்பவர்கள் யார் என்று கேட்கிற பழக்கம் மட்டும் நமக்கு வேண்டும். ஆசிரியர் ஐயாவும் அந்தமட்டில் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்.