எழுத்தே பள்ளியானது

கற்றவர் எழுதுவர் என்பது உலக வழக்கு. எழுதியே கற்றவர் ஒருவரின் வரலாறும் நம் சமுதாயத்தில் உண்டு. அவர்தாம் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அம்மையார்.

1917-ஆம் ஆண்டு பிறந்த அம்மையார் பள்ளியிற் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. பன்னிரண்டாம் வயதில் மணம் முடிந்தது. இளமையிலேயே கணவரை இழந்தார். பெண் எழுதுகோல் ஏந்துவதே தகாது எனக் கருதியோர் மலிந்திருந்த காலம் அது. வீட்டின் நான்கு சுவர்களுக்குள் இருந்தவாறே அவர் படித்தார், எழுதினார்.

1938-இல் அவருடைய ‘காதலா? கடமையா?’ என்னும் நாவல் வெளிவந்தது. தமிழில் நாவல் படைத்த முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவர் போற்றப்படுவது இதனாலேயே. சிந்தாமணியையும் மணிமேகலையையும் பதிப்பித்த டாக்டர் உ.வே. சாமிநாதையர் அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். முன்னுரை தந்தவருக்கு அப்போது வயது எண்பத்து மூன்று, நூலாசிரியைக்கோ இருபத்தொன்று! சமயமும் வயதும் அங்கே குறுக்கே நிற்கவில்லை. தமிழே இருவரையும் இணைத்தது.

அம்மையார் அந்த ஒரு நூலோடு நின்றுவிடவில்லை. அப்பாஸிய குலத்தோன்றல் ஒருவர் தென்னாடு போந்த கதையாகச் ‘செண்பகவல்லி தேவி’யைப் படைத்தார். இத்தகைய கதையை எழுதப் புகுவோர் பக்தாதின் வரலாற்றையும் தமிழகத்தின் வரலாற்றையும் ஒருங்கே தேடிப் படித்தாக வேண்டும். ‘இஸ்லாமும் பெண்களும்’ என்ற நூலையும் அவர் எழுதினார். கதையில் கற்பனை துணைநிற்கும்; இத்தகைய நூலிலோ சான்றும் தெளிவுமே துணை. இவ்வாறு ஒவ்வொரு நூலும் அவருக்கு ஒரு வகுப்பாயிற்று. பள்ளி மறுத்ததை எழுத்து வழங்கிற்று எனின் மிகையன்று. 1998-இல் மறைந்த அவரை இன்று ஆய்வாளர்கள் நாடிச் சென்று கற்கின்றனர்.

இன்று நம் பெண்மக்கள் பட்டங்கள் பல பெறுகின்றனர், மகிழ்ச்சியே. ஆயினும் தேர்வுக்காக எழுதுவது வேறு. தன் உள்ளத்தைத் தானே அறிய எழுதுவது வேறு. தான் எண்ணியதைத் தாளில் இறக்கும்போதுதான் அதிலுள்ள குறை கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் திருத்தும்போது எழுத்தோடு சிந்தனையும் திருந்துகிறது.

நாகூராயினும் வாலாஜாபாத்தாயினும், நம் வீட்டுப் பெண்ணொருத்தி குறிப்பேடும் கையுமாக ஒரு மூலையில் அமர்ந்திருக்கக் கண்டால், “இது எதற்கு உதவும்?” என்று கேளாதிருப்போமாக. அவள் எழுதியதை வாங்கிப் படித்து, நிறைகுறை கூறுவோமாக.