கைநாட்டிலிருந்து ஓ.டி.பி. வரை: பழனி மலையில் கடனும் காகிதமும்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காலனி. மழைக்காலத்தில் அங்கே செல்போன் சிக்னல் வேண்டுமென்றால் ரோட்டு வளைவு வரை நடந்து வரவேண்டும். போன ஐப்பசியில் அந்த வளைவில், பாலத்துச் சுவர்மேல், எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாச்சியும் நானும் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் மடியில் மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் 1983-இல் அரசு கொடுத்த வீட்டுமனைப் பட்டா.

ஒழுகும் தளத்தை மாற்ற, மனையை அடமானம் வைத்து இரண்டு லட்சம் ரூபாய் கடன் கேட்டிருந்தார். கூட்டு விண்ணப்பதாரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பேரன். ஆவணங்களை நேரில் வாங்க மாட்டோம், ஆன்லைனில்தான் ஏற்றவேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். படம் எடுத்தால் தெளிவில்லை என்றது செயலி. தெளிவாக எடுத்தால் கோப்பு பெரிதாக இருக்கிறது என்றது. ஓ.டி.பி. பேரன் போனுக்குப் போனது. அவன் ஷிஃப்டில் இருந்தான். அவன் கூப்பிட்டுச் சொல்வதற்குள் எண் காலாவதி. மூன்றாவது முறை உள்ளே போனோம். பட்டாவில் மதுரை மாவட்டம் என்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் பிறந்ததே 1985-இல்தான். அதையும் தாண்டிச் சர்வே எண்ணைப் போட்டால், அரசின் நிலப்பதிவுத் தளத்தில் அந்த எண் உட்பிரிவு செய்யப்படாமல், அம்மாச்சியின் பெயர் இல்லாமல் கிடந்தது. விண்ணப்பம் நின்றுபோனது.

"ஏந்தாயி, கவருமெண்டு குடுத்த காயிதத்த கவருமெண்டு மிசினே இல்லைங்குதா?" என்று கேட்டார்.

தோழர்களே, 'வயசானவங்களுக்கு டெக்னாலஜி தெரியல' என்று இதை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். அந்த அம்மாச்சிக்குத் தெரியாதது செயலி மட்டும்தான். அவர் பெயர் கணக்கில் ஏறாமல் போனதற்கு அவர் வயது காரணமல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

காகிதம் கேட்காத கடன்

இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிப்பதை நிறுத்தியது 1843-இல். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக் குடியேறியது 1845-இல். சட்டத்தில் அடிமை முறை ஒழிந்தாலும், இந்த மலைகளின் புலையர் மக்கள் நிலவுடைமைச் சாதிகளுக்குப் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்ததை 1906-இல் வெளியான மதுரை கெசட்டியர் வரைக்கும் வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கட்டிவைத்தது பெரும்பாலும் கடன்தான். காப்பித் தோட்டங்கள் வந்தபோது அதற்கு 'முன்பணம்' என்று பெயர் மாறியது. முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டுப் போனால் அது குற்றம், சிறை வரை போகலாம் என்றது 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம். மதராஸ் மாகாணத்தின் தோட்ட முதலாளிகளுக்கு அது நல்ல ஆயுதம். அந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல்.

இந்தக் கடன்களில் எதற்கும் நம் தாத்தா பாட்டிகளிடம் யாரும் பட்டா கேட்கவில்லை. வில்லங்கச் சான்று கேட்கவில்லை. ஒரு கைநாட்டு போதும். நம்மைக் கட்டிப்போட்ட கடனுக்கு எந்த ஆவணமும் தேவைப்படவில்லை. நாம் எழுந்து நிற்கக் கேட்கும் கடனுக்குத்தான் பத்து ஆவணம் தேவைப்படுகிறது.

காகிதம் உள்ளவர்களுக்கான கடன்

இன்று வங்கிகள் வீட்டுக்கடனுக்குப் பயன்படுத்தும் வழக்கமான முறை, மூலப்பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைப்பது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதை முதலில் கல்கத்தா, மதராஸ், பம்பாய் போன்ற வணிக நகரங்களுக்கு அனுமதித்தது. பெட்டிக்குள் பத்திரம் வைத்திருக்கும் வியாபாரிக்கு உடனடியாகப் பணம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பெட்டியும் பத்திரமும் இல்லாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அடுத்த பத்தாண்டில்தான் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றிய தன் அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வெளிவந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதன்வழி வந்ததைத்தான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தோழர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

குடியிருக்கும் மனைக்கும் இதே கதைதான். 1920-களில் தொழிலாளர் துறை ஆணையர், ஆதிதிராவிடர்களுக்காக மனைநிலம் எடுத்துக் கொடுத்தார். அது இலவசமல்ல. கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கடனாகக் கொடுத்துத் தவணையில் வசூலித்தார்கள். மிராசுதார் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மக்கள், காலடி மண்ணுக்கே தவணை கட்டினார்கள். நம் மக்களின் முதல் வீட்டுக்கடன்களில் இதுவும் ஒன்று. பிறகு 1971-இல் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம், 1978-இல் அரிசன நலத்திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம். அம்மாச்சியின் மஞ்சள் பையில் இருக்கும் பட்டா இந்த வழியில் வந்தது.

கணினிக்குள் ஏறாத பெயர்கள்

பட்டா கொடுப்பது ஒரு வேலை. அதைப் புலத்தில் அளந்து, உட்பிரிவு செய்து, கிராமக் கணக்கில் ஏற்றுவது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு விழா நடக்கும், அமைச்சர் வருவார், போட்டோ எடுப்பார்கள். இரண்டாவது வேலைக்கு யாரும் வருவதில்லை. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் (யு.டி.ஆர்.) விழுந்த பெயர்ப் பிழைகளைத் திருத்த இன்றும் மக்கள் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுவோடு நிற்கிறார்கள். அந்தக் கணக்குத்தான் பிறகு கணினிக்குள் போனது. விட்டுப்போன பெயர் விட்டுப்போனதாகவே ஏறியது. அன்று கிராம நிர்வாக அலுவலரிடமாவது போய்ச் சண்டை போடலாம். திரையிடம் யார் சண்டை போடுவது?

இதற்குள் நமக்கே சங்கடமான ஒரு கேள்வியும் இருக்கிறது. நிபந்தனைப் பட்டாவை வங்கி விரும்புவதில்லை, காரணம் கடன் நின்றால் ஏலம் விட முடியாது. நிபந்தனையை எடுத்துவிட்டால் கடன் எளிதாகக் கிடைக்கும், நிலமும் எளிதாகப் போய்விடும். கொடைக்கானலில் ஒரு சென்ட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். ரிசார்ட் கட்ட ஆள் காத்திருக்கிறது. எனவே நிபந்தனையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. அடமானத்துக்குப் பதிலாக அரசு பிணை நிற்கவேண்டும். 1974-இல் தொடங்கிய தாட்கோ போன்ற அமைப்பு அதற்குத்தானே இருக்கவேண்டும்?

நாம் செய்யக்கூடியது

இதைப் படிக்கும் மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் பட்டா, ஆதார், ரேஷன் அட்டை மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டின் நகலும் புலப்படமும் கேட்டு வாங்குங்கள். பெயர் ஏறவில்லை என்றால் உட்பிரிவுக்கும் கணக்கில் ஏற்றவும் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். கடன் கேட்பதற்கு முன்பே இதைச் செய்யவேண்டும்.

வங்கியில் 'ஆன்லைன் மட்டும்தான்' என்று சொன்னால் அதோடு எழுந்து வராதீர்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வசதி செய்யவேண்டும், 70 வயது கடந்தவர்களுக்கு அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் போட்ட வழக்கு அது. மிளகும் காப்பியும் பறித்து ரேகை தேய்ந்த கைகளுக்கும் அந்தத் தர்க்கம் பொருந்தும். கடனை முழுதாக அடைத்தால் 30 நாளுக்குள் அசல் பத்திரம் திரும்பி வரவேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை. இவற்றை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். மறக்காமல் இன்னொன்று: ஓ.டி.பி.யை அடுத்தவரிடம் சொல்லும் பழக்கத்தைப் பெரியவர்களுக்கு நாமே ஏற்படுத்திவிடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கையாலேயே போடவையுங்கள்.

அம்மாச்சியின் கடன் இன்னும் வரவில்லை. உட்பிரிவு மனு கொடைக்கானல் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. மனுவைக் கொடுத்த அன்று ஒப்புகைச் சீட்டில் முத்திரை விழும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. வாங்கி, நான்காக மடித்து, பட்டா இருந்த அதே உறைக்குள் வைத்தார். "இதையும் அந்தப் போன்ல ஏத்தணுமா தாயி?" என்று கேட்டார். ஏத்தணும் அம்மாச்சி என்றேன். அடுத்த வாரம் மறுபடி அந்த ரோட்டு வளைவுக்குப் போகிறோம்.

ஜெய்பீம்.