பள்ளிப் பிள்ளைகள் பண்ணைக்கு வருவதற்கு முன்

இங்கிலாந்தில் ஒரு விவசாயி, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன் பண்ணையைச் சுற்றிக் காட்ட விரும்பினால் அதற்கென்றே பயிற்சி எடுக்கலாம். செவாஸ் என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு அங்கீகாரத் திட்டம் அங்கே இருக்கிறது. பிறந்ததிலிருந்து மாட்டோடும் மண்ணோடும் இருக்கிறவருக்கு இதில் என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது என்று தோன்றும். பதில், இரண்டு நோய்களின் கதையில் இருக்கிறது.

முதலாவது கோமாரி. 2001 பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸில் ஒரு இறைச்சிக்கூடத்துப் பன்றிகளிடம் தென்பட்டது. அடங்குவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றுவிட்டார்கள். வயல்களின் ஊடே போகும் பொது நடைபாதைகளையெல்லாம் மூடினார்கள். கிராமமும் நகரமும் எவ்வளவு விலகிப்போயிருக்கின்றன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 2002 ஜனவரியில் வந்த டொனால்ட் கரி குழுவின் அறிக்கை, விவசாயத்தையும் மக்களையும் மறுபடி இணைக்க வேண்டும் என்றது. லீஃப் அமைப்பு 2006-ல் 'ஓபன் ஃபார்ம் சண்டே'யைத் தொடங்கியது. பள்ளிகளை அழைத்துவரும் பண்ணைகளுக்கு, ஒரு வருகைக்கு இவ்வளவு என்று அரசின் சுற்றுச்சூழல் திட்டங்களே பணம் கொடுத்தன.

சரி, கேட் திறந்தாச்சு. அடுத்த பிரச்சினை உள்ளே காத்திருந்தது.

2009-ல் சர்ரேயில், காட்ஸ்டோன் என்ற இடத்துப் பண்ணைக்குப் போய்வந்தவர்களிடையே ஈ.கோலை ஓ157 தொற்று பரவியது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஆடு மாடுகளைத் தொட்டுப் பார்க்கிற இடம் அது. மொத்தம் 93 பேர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். சிலருக்குச் சிறுநீரகமே பழுதானது. இந்தக் கிருமியைச் சுமக்கும் மாடு ஆரோக்கியமாகவே தெரியும். மிகக் கொஞ்சம் கிருமி வயிற்றுக்குள் போனாலே போதும்.

இங்கேதான் அந்த முதல் கேள்விக்குப் பதில். விவசாயிக்குச் சாணமும் சேறும் பழகிப்போன விஷயம். கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு சாண்ட்விச்சை எடுத்துவிடுவார். நாற்பது வருட அனுபவம் அந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்காது, மறைத்துவிடும். எங்கள் தொழிலிலும் இப்படித்தான்: நிரலை எழுதியவரையே சோதிக்கச் சொன்னால், புதிதாக வருகிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது அவர் கண்ணில் படாது.

அதனால் பயிற்சியில் அவருக்கு விவசாயம் சொல்லித்தருவதில்லை. தன் பண்ணையையே வெளியாள் கண்ணோடு சுற்றிவரச் சொல்கிறார்கள். எந்தெந்த ஆபத்து எங்கெங்கே என்று எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர் முன்கூட்டியே வந்து பார்க்க வேண்டும். காப்பீடு இருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் எந்த வகுப்புக்கு எது பொருந்தும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். பேச்சிலும் அதே சிக்கல்தான். 'சினை', 'தீவனம்' எல்லாம் அவருக்கு அன்றாடச் சொற்கள். கன்று போட்டால்தான் பசு பால் கறக்கும் என்பதே வந்திருக்கிற பிள்ளைக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். அதை விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது, யாராவது எடுத்துச் சொல்லும்வரை.

கிருமிநாசினி ஜெல் தடவினால் போதாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும் என்கின்றன அங்குள்ள பாதுகாப்பு வழிகாட்டிகள். கூடவே, கை கழுவும் தொட்டி பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பெரியவர்கள் மட்டுமே புழங்கும் பண்ணையில் அந்த உயரத்தை யார் யோசித்திருப்பார்கள்?