எந்தச் சட்டகம்? – வேர்ட்பிரஸ் கற்ற பாடம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்பவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கடந்து, புதுச்சேரியை நெருங்குமுன் மேற்கே திரும்பினால் செம்மண் மேட்டில் ஆரோவில் இருக்கிறது. இன்று அங்கே அடர்ந்த காடு உண்டு. ஆனால் 1968 பிப்ரவரி 28ஆம் நாள் அந்நகர் தொடங்கப்பட்டபோது, அது மழைநீர் அரித்த பொட்டல் வெளி. மண்ணை உடனே பிடித்து நிறுத்துவதற்காக, ஆஸ்திரேலியப் பகுதியைச் சேர்ந்த கத்தி சவுக்கு மரத்தை ஏராளமாக நட்டார்கள். அது விரைவாக வளர்ந்து நிழல் தந்தது. அந்த நிழலில் நம் மண்ணுக்கே உரிய மரங்களையும் வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் வீசியபோது கத்தி சவுக்கு மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. அவற்றின் கீழ் வளர்ந்திருந்த நாட்டு மரங்கள் காட்டைக் காத்தன.

விரைவில் பலன் தருவதைத் தேர்ந்தெடுப்பது தவறன்று. ஆனால் அது ஒரு நாள் போய்விடும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கணிப்பொறி மென்பொருள் உலகமும் இதே பாடத்தைக் கற்க நேர்ந்தது. அந்த வரலாற்றை இப்போது பார்ப்போம்.

நீங்கள் படிக்கும் பல இணையதளங்களுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று வாசகர் காண்பது. மற்றொன்று, கட்டுரையை எழுதுபவரும் திருத்துபவரும் வெளியிடுபவரும் மட்டும் காணும் நிர்வாகப் பக்கம். இவ்விரண்டையும் நடத்தித் தரும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பர். 2003 மே 27ஆம் நாள் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் வெளியிட்ட வேர்ட்பிரஸ் இவ்வகையில் மிகப் புகழ் பெற்றது. 2017ஆம் ஆண்டளவில் உலக இணையதளங்களில் கால்பங்குக்கும் மேற்பட்டவை அதனைக் கொண்டே இயங்கின. தமிழில் வலைப்பதிவு எழுதுவோர் பலரும் அதன் நிர்வாகப் பக்கத்தில்தான் எழுதுகின்றனர்.

அந்தப் பக்கம் பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதப்பட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தி தொலைவிலுள்ள சேவைக் கணிப்பொறிக்குப் போகும். அங்கிருந்து முழுப் பக்கமும் மீண்டும் வரும். காலப்போக்கில் இந்தத் தாமதம் பயனர்களுக்குப் பொறுக்கவில்லை. பக்கம் முழுவதும் திரும்பி வராமல், வேண்டிய பகுதி மட்டும் கண்ணெதிரே மாற வேண்டும் என்று விரும்பினர். அதற்கு உதவும் மொழிதான் 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட். அது நம் கணிப்பொறியிலுள்ள உலாவிக்குள்ளேயே இயங்குவது.

சட்டகம் எதற்கு?

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கொள்வோம். நிர்வாகப் பக்கத்தில் பத்துக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கிறது. ஒன்றை நீக்குகிறீர்கள். பட்டியலில் ஒரு வரி மறைய வேண்டும். மேலே ‘10’ என்றிருப்பது ‘9’ ஆக வேண்டும். ‘நீக்கப்பட்டது’ என்ற அறிவிப்புத் தோன்ற வேண்டும். இவை ஒவ்வொன்றையும் தேடித் தேடி மாற்றும்படி நிரல் எழுதினால், எங்கேனும் ஒன்று விட்டுப்போகும். பட்டியலில் ஒன்பதும் தலைப்பில் பத்துமாக நிற்கும்.

சட்டகம் இந்தச் சுமையைத் தான் ஏற்கிறது. ‘தரவு இப்படி இருந்தால் பக்கம் இப்படித் தோன்ற வேண்டும்’ என்று மட்டும் நாம் எழுதுகிறோம். தரவு மாறியவுடன் எந்தெந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பதைச் சட்டகமே கவனித்துக்கொள்கிறது. 2010இல் கூகிளின் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ஃபேஸ்புக்கின் ரியாக்ட், 2014இல் இவான் யூவின் வியூ என இத்தகைய கருவிகள் வரிசையாக வந்தன. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

வேகத்தை அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் வேர்ட்பிரஸ் சந்தித்த சிக்கல் வேகத்தால் வந்ததன்று.

உரிமத்தில் இருந்த முள்

முல்லன்வெக்கின் நிறுவனம் 2015 நவம்பரில் தன் வேர்ட்பிரஸ்.காம் சேவையின் நிர்வாகப் பக்கத்தை ரியாக்ட் கொண்டு புதிதாக அமைத்து வெளியிட்டது. அதன் பின் பொது வேர்ட்பிரஸுக்கும் ‘குட்டன்பர்க்’ என்ற புதிய பதிப்பியை ரியாக்டிலேயே கட்டத் தொடங்கினர். வேலை நன்கு நடந்துகொண்டிருந்தது.

ரியாக்ட் இலவசம், அதன் மூல நிரலும் திறந்தே இருந்தது. ஆனால் 2014 முதல் அதன் உரிமத்தோடு ஒரு காப்புரிமை நிபந்தனை இணைந்திருந்தது. ரியாக்டைப் பயன்படுத்துபவர் ஃபேஸ்புக்கின் மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தால், ரியாக்ட் தொடர்பாக அவருக்கு அந்நிறுவனம் அளித்த காப்புரிமை அனுமதி முடிந்துபோகும் என்பதே அதன் சாரம். 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை, தன் திட்டங்களில் இத்தகைய உரிமம் கொண்ட நிரலைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. ஆகஸ்டில் ஃபேஸ்புக், நிபந்தனையை நீக்க மறுத்தது.

2017 செப்டம்பர் 14ஆம் நாள் முல்லன்வெக் தம் முடிவை அறிவித்தார். ரியாக்டைக் கைவிட்டு, குட்டன்பர்க்கை வேறொரு கருவியில் மீண்டும் எழுதப்போவதாகக் கூறினார். அவருடைய நிறுவனத்துக்கு அந்த நிபந்தனையால் பெரிய அச்சம் இல்லை. ஆனால் வேர்ட்பிரஸைப் பயன்படுத்தும் எண்ணற்ற பிறர்மீது அந்தச் சுமையை ஏற்றுவது முறையாகாது என்பது அவர் கருத்து. பல மாத உழைப்பு வீணாகும் என்று தெரிந்தே அவர் இதைச் சொன்னார்.

எட்டே நாட்களில் ஃபேஸ்புக் இறங்கி வந்தது. செப்டம்பர் 22ஆம் நாள், ரியாக்டை நிபந்தனையற்ற எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிடுவதாக அறிவித்தது. வேர்ட்பிரஸும் ரியாக்டிலேயே தொடர்ந்தது. குட்டன்பர்க் அடங்கிய வேர்ட்பிரஸ் 5.0, 2018 டிசம்பர் 6ஆம் நாள் வெளிவந்தது.

இடையில் ஒரு மெல்லிய சுவர்

குட்டன்பர்க்கின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அதன் பகுதிகள் ரியாக்டை நேரடியாக அழைப்பதில்லை. இடையே வேர்ட்பிரஸின் சொந்த இணைப்பு அடுக்கு ஒன்று நிற்கிறது. பிறர் எழுதும் கூடுதல் செருகுநிரல்களும் அந்த அடுக்கோடு பேசினால் போதும். அடியில் உள்ள கருவி மாறினாலும் மேலே உள்ளவை முற்றாக இடிந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது.

இந்த ஏற்பாடு வீண் எச்சரிக்கை அன்று. 2016இல் வெளிவந்த புதிய ஆங்குலர், பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுடன் பொருந்தவில்லை. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதை நேரடியாக நம்பிக் கட்டியவர்கள் பெரும்பகுதியைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

சுவர் எல்லாவற்றையும் காத்துவிடுமா? இல்லை. வேர்ட்பிரஸில் பார்வையற்றோர் முதலியோருக்கு உதவும் அணுகல் குழுவின் தலைவர் 2018 அக்டோபரில் விலகினார். அணுகல் துறைத் தன்னார்வலர்களுள் ரியாக்ட் அறிந்தோர் மிகக் குறைவு என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. பழைய பக்கத்தில் குறையைத் தாமே திருத்திவந்தவர்கள், புதியதில் குறையைச் சொல்ல முடிந்ததே தவிர, திருத்த முடியவில்லை. உரிமத்தின் குறையை ஒரே கையெழுத்தால் நீக்கலாம். இந்தக் குறை அப்படி நீங்குவதன்று.

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்ந்து வருவதை அறிவீர்கள். அதனை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கும் 2020 மார்ச்சில் ஒரு சட்டகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே தெரிவு பெற்றது வியூ. தனியான தொகுப்புப் படி இல்லாமலும் அதைப் பயன்படுத்தலாம் என்பது தன்னார்வலர்கள் நிறைந்த ஒரு திட்டத்துக்கு ஏற்ற பண்பு. பொறியாளர் கூட்டத்துக்குப் பொருந்தியது தன்னார்வலர் கூட்டத்துக்கும் பொருந்தும் என்பதில்லை.

நாளை உங்களில் சிலர் இத்தகைய தேர்வைச் செய்யும் இடத்தில் இருப்பீர்கள். எது வேகமானது, எது புதியது என்று பலரும் சொல்வார்கள். நீங்கள் மேலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் உரிமம் யார் கையில் இருக்கிறது? நம்மோடு உழைப்பவர்களுள் எத்தனை பேரால் இதைத் திருத்த முடியும்? இதை விட்டு வெளியேற வேண்டி வந்தால் எவ்வளவு இடிபடும்? கத்தி சவுக்கை நட்டவர்கள் அதன் நிழலில் வேறு மரங்களையும் வளர்த்தார்கள். புயலுக்குப் பின்னும் அங்கே காடு இருப்பது அதனால்தான்.