நிலக்கடலைப் பூஞ்சண விஷமும் குழந்தைகளின் இணை உணவும்

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் நிலக்கடலை, மக்காச்சோளம் முதலியவற்றில் படர்ந்து சுரக்கும் விஷமே அஃப்ளடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில், கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் மடிந்தபின்பே விஞ்ஞானிகள் இதனைக் கண்டறிந்தனர். புரதக் குறையால் நலிந்த மைசூர்க் குழந்தைகளுக்குப் போஷாக்கின் பொருட்டு ஊட்டிய கடலை மாவிலேயே இவ்விஷம் கலந்திருந்ததென்றும், அதனால் அவர்களுக்கு ஈரல் கெட்டதென்றும் 1971-இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையொன்று தெரிவித்தது. மருந்தாக வந்ததே விஷமாயிற்று என்பதினும் கொடிய விபரீதம் வேறில்லை.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள கிளியனூர் வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் இப்பயிர், ஆடியில் மானாவாரியாக விதைக்கப்பட்டுக் காய் முற்றும் தறுவாயில் வறட்சியால் வாடி, ஐப்பசியில் பிடுங்கும்போது அடைமழையில் நனையுமாயின், பூஞ்சணத்திற்கு அதனினும் உகந்த சந்தர்ப்பம் வாய்ப்பதரிது. வறுத்தாலும் வேகவைத்தாலும் விஷத்தில் ஒரு பகுதியே குறையுமாதலால், தடுப்பு முயற்சி அடுப்படியிலன்று, களத்தில் தொடங்கவேண்டும். பிடுங்கிய செடிகளைக் காய் மேல்நோக்கக் கவிழ்த்துப் போட்டு உலர்த்தி, ஆய்ந்த காயை ஈரம் நூற்றுக்கு எட்டுக்குள் இறங்கும்வரை, குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை, காயவைத்துப் பலகைமேல் மூட்டையடுக்குவது முறை. பருப்பு உடையாதிருக்கவென்று இயந்திரத்திலிடுமுன் காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கமோ இத்தனை பிரயாசையையும் ஒரு குடத்தில் பாழாக்குவது. வியாபாரத்தில் இது சகஜமென்பார்கள், ஆனால் பூஞ்சணத்திற்கு வியாபார நியாயம் தெரியாது.

ஆறு மாதம் நிரம்பிய குழந்தை உடல் எடையில் சிறிது. அன்றாடம் உண்பதும் பெரும்பாலும் ஒரே கஞ்சி. ஆதலால் அற்ப அளவும் அதற்கு மிகுதியே. ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளுக்கான தானிய உணவில் அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாதென விதித்துள்ளது. சத்துமாவு அரைக்கும் தாய், வறுப்பதற்கு முன்பே சுருங்கியதும் கறுத்ததும் முளைவிட்டதுமான பருப்பை முறத்தில் பொறுக்கியெறிந்து, சில நாட்களுக்கு வேண்டிய அளவே அரைத்து, ஈரமில்லாத கரண்டியாலேயே எடுப்பாளாயின் அபாயம் பெரிதும் குறையும்.

பொறுக்கிய சொத்தையைச் செக்குக்குக் கொடுப்பதும் தகாது. விஷத்தின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்க, அதனைத் தின்னும் கறவைமாட்டின் பாலில் அது அஃப்ளடாக்சின் எம்1 என உருமாறி வெளிப்படும். காய்ச்சினாலும் அழியாத அதற்கு, இந்தியச் சட்டம் பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என எல்லை வகுத்திருக்கிறது.